எம்பத் தெரியும், நிற்கத் தெரியாது

உயரமான பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான் என்று யாராவது வந்து சொன்னால், நான் முதலில் பார்ப்பது அவன் பாதத்தை. ஆறடி மூன்று அங்குலம், நின்ற இடத்திலிருந்து எம்பினால் வளையத்தைத் தொடுகிறான் என்பதெல்லாம் பிறகு. கையில் பந்தைக் கொடுத்து ஓடச் சொல்வேன். நடுவில் விசில் ஊதுவேன். கேட்ட இடத்தில் இரண்டு பாதமும் பதிய நிற்கிறானா, இல்லை இன்னும் மூன்று எட்டு இழுத்துக்கொண்டு போகிறானா? மதுரையில் கல்லூரி அணிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. எம்பத் தெரியும், ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது.

அவர்களிடம் இருந்த சரக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். உசிலம்பட்டி, செக்கானூரணி, மேலூர், வாடிப்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து வந்த பையன்கள். கண்மாய்க் கரையிலும் பொட்டலிலும் ஓடி வளர்ந்த கால்கள். ஜிம் என்றால் என்னவென்று தெரியாத உடம்பில் அப்படி ஒரு வலு. பெரிய நகரத்துப் பயிற்சி மையங்களில் காசு கட்டி வாங்க முடியாத வேகம் இவர்களுக்குப் பிறவியிலேயே இருந்தது. ஆனால் பாதிப்பேர் கூடைப்பந்தை முதன்முதலாகத் தொட்டதே பதினேழு, பதினெட்டு வயதில்தான். அதற்கு முன் வேறு ஏதோ ஓர் ஆட்டம் அவர்கள் உடம்பில் உட்கார்ந்துவிட்டிருக்கும்.

எந்த ஆட்டத்திலிருந்து வந்தான் என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கைப்பந்து ஆடிய பையன், விழாமல் திரும்பி வரும் ரீபவுண்டுக்கு அழகாக எம்புவான். ஆனால் பந்தைப் பிடிக்க மாட்டான், தட்டுவான். பந்தைக் கையில் வைத்திருப்பது குற்றம் என்று அவன் விரல்களுக்குப் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கபடிக்காரனுக்குத் தடுப்பாட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் கால் பின்னாமல் நகர்வான். ஆனால் எதிராளி அருகில் வந்ததும் கை தானாக நீண்டு பிடிக்கப் போகும். முதல் பத்து நிமிடத்தில் மூன்று ஃபௌல். வேகப்பந்து வீசியவன் எல்லாப் பாஸையும் ஒற்றைக் கையால் தலைக்கு மேலிருந்து எறிவான். கோ-கோ ஆடியவன் திசை மாறுவதில் மன்னன், பந்து கைக்கு வந்ததும் நிமிர்ந்து நின்றுவிடுவான். எனக்கு வியப்பாக இருந்தது சிலம்பம் கற்ற பையன்கள்தான். ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றும் பிவட்டை இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. காலடி வரிசை பழகிய பாதம் தானே புரிந்துகொள்ளும். நம் ஊரில் பள்ளிக்குப் பள்ளி சிலம்பமும் கூடைப்பந்தும் ஒரே மைதானத்தில் நடந்தால் எவ்வளவோ செய்யலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட பையன்கள் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் அது கண்கொள்ளாக் காட்சி. என்னிடம் ஒருமுறை அப்படி ஓர் அணி அமைந்தது. வெறும் பயிற்சியைப் பார்க்கவே மைதானத்தைச் சுற்றி மாணவர்கள் கூடுவார்கள். மூன்று பேர் வளையத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். வேகமாக ஓடி அடிக்கும் ஃபாஸ்ட் பிரேக்கில் அவர்களை நிறுத்த உள்ளூரில் ஆளில்லை. அந்த ஆண்டு காமராசர் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஆரம்பச் சுற்றுகளை இரண்டு மடங்கு புள்ளியில் ஜெயித்தோம். கோப்பை நமக்குத்தான் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு.

அரையிறுதியில் எதிரே வந்த அணியில் ஆறடியைத் தாண்டியவன் ஒருவன்தான். மற்றவர்களைத் தெருவில் பார்த்தால் விளையாட்டு வீரர் என்று சொல்ல மாட்டீர்கள். ஆனால் ஐந்து பேரும் ஒரே சிற்றூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பி.டி. வாத்தியாரிடம் பழகியவர்கள். முதல் கால்பகுதியில் நாங்கள் நன்றாகவே முந்தினோம். இடைவெளியில் அவர்கள் பயிற்சியாளர் கத்தவில்லை, பலகையில் எதுவும் வரையவில்லை. ஒரே ஒரு மாற்றம் சொல்லி அனுப்பினார். எங்கள் பையன்களை நேருக்கு நேர் மறிக்காமல், அவர்கள் வலக்கைப் பக்கம் அரை உடம்பு தள்ளி நிற்கச் சொன்னார்.

அவ்வளவுதான். எங்களில் ஒருவனுக்கும் இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரியாது. வலது வழி அடைபட்டதும் பந்தைக் கையில் எடுத்தார்கள். எடுத்தபின் எந்தக் கால் பிவட் என்று தெரியாமல் இரண்டையும் நகர்த்தினார்கள். நடுவர் இரண்டு கையையும் சுழற்றி ட்ராவலிங் காட்டினார். மறுபடி ட்ராவலிங். அடுத்தது டபுள் ட்ரிபிள், தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டும் தவறு. வளையத்தின் அடியில் நிலைமை இன்னும் மோசம். எங்கள் பையன்கள் பந்தை அண்ணாந்து பார்த்து எம்பினார்கள். அந்தக் குட்டைப் பையன்களோ பந்தைப் பார்க்கவே இல்லை. ஷாட் கிளம்பியதும் திரும்பி, எங்கள் ஆளைத் தேடி, முதுகால் முட்டுக் கொடுத்து வெளியே தள்ளி வைத்துவிட்டுப் பிறகுதான் மேலே பார்த்தார்கள். பாக்ஸ் அவுட் என்பது இதுதான். முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவன் எவ்வளவு உயரம் எம்பினாலும் நடுவர் ஊதும் ஃபௌல்தான் மிச்சம். கால்பகுதிக்கு நான்கு ஃபௌல் தாண்டியதும் ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அவர்கள் போட்டார்கள், விழுந்தது. எங்களுக்குக் கிடைத்தபோது நாங்களும் போட்டோம், வளையத்தில் பட்டு மைதானமெல்லாம் ஓடியது.

வெளியே வந்ததும் எங்கள் சென்டர் பையன் அழுகிற நிலையில் கேட்டான்: "சார், அவனுகளவிட நாங்க அம்புட்டு ஒசரம் எம்புறோம். எப்படி சார் தோத்தோம்?"

உண்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் நான் என் மீதிக் காலத்தைச் செலவழித்தேன் என்று சொல்லலாம்.

இதே கேள்வியை உலகத்திலேயே பெரிய அணி ஒன்றும் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. 2004 ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக். அமெரிக்க அணியில் டிம் டங்கன், ஆலன் ஐவர்சன், இளம் வயது லெப்ரான் ஜேம்ஸ், ட்வைன் வேட். 1992இல் தங்கள் தொழில்முறைப் போட்டியான என்பிஏவின் ஆட்டக்காரர்களை அனுப்பத் தொடங்கியதிலிருந்து அவர்கள் ஒலிம்பிக்கில் தோற்றதே கிடையாது. முதல் ஆட்டத்தில் போர்ட்டோ ரிக்கோவிடம் 92-73 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் அவர்கள் தூரத்திலிருந்து போட்ட 24 மூன்று புள்ளி ஷாட்டில் விழுந்தது மூன்று. பிறகு லித்துவேனியாவிடமும், அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 89-81 என்றும் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். தங்கம் வாங்கிய அர்ஜென்டினாவில் மானு ஜினோபிலி போன்ற பெரிய ஆட்டக்காரர் இருந்தார், மறுக்கவில்லை. ஆனால் அந்த அணி பல வருடம் ஒன்றாக ஆடிய அணி. வெட்டி ஓடுபவனுக்குப் பந்தை எங்கே, எந்த உயரத்தில் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அந்த ஆட்டங்களை நான் பையன்களுக்கு நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டியிருக்கிறேன். "யார் எம்புறாங்கன்னு பாக்காதீங்கடா, யார் நிக்கிறாங்கன்னு பாருங்க" என்பேன்.

இந்த ஆட்டம் பிறந்த கதையும் அதைத்தான் சொல்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நாய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி இதை உருவாக்கினார். அவர் எழுதிய 13 விதிகளில் பந்தோடு ஓடுவதற்கே இடமில்லை. பிடித்த இடத்திலிருந்து எறிய வேண்டும். ட்ரிபிளிங் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் இருந்தவை பிடிப்பதும், நிற்பதும், கொடுப்பதும்தான். நம் மாநிலத்துக்கு இந்த மரபு நேரடியாகவே வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்த உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போனார்கள். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரையில், ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு முப்பது பையன்களுக்குச் செஸ்ட் பாஸ் சொல்லிக்கொடுத்த தலைமுறை அது. பந்து ஒன்றே ஒன்று என்பதால் பாஸ்தான் பயிற்சி. இன்று ஆளுக்கொரு பந்து வாங்கிவிட்டோம். ஆளுக்கொரு மூலையில் தனியாகத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அரையிறுதித் தோல்விக்குப் பிறகு, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் சில வாரம் வளையத்தின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பந்தும் கிடையாது. காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், சிமென்ட் தளத்தின் ஒரு முனையிலிருந்து ஓடி ஃப்ரீ த்ரோ கோட்டில் நில். ஓடி நடுக்கோட்டில் நில். ஓடி மறுமுனைக் கோட்டில் நில். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். நான் பார்க்கக்கூட மாட்டேன், காதால்தான் கேட்பேன். சரியாக நின்றால் 'தப்' என்று ஒரே சத்தம். 'தப்-தப்' என்று இரண்டு வந்தால் திரும்பப் போ. ஒரே சத்தத்தில் நின்றவனுக்கு எந்தக் காலையும் பிவட்டாக வைத்துக்கொள்ளும் உரிமையை விதி கொடுக்கிறது. இரண்டு சத்தத்தில் நின்றால் முதலில் விழுந்த கால்தான் பிவட், அதை அவன் நினைவு வைத்திருக்க வேண்டும். களைத்துப்போன நான்காம் கால்பகுதியில் யாருக்கு நினைவிருக்கும்?

அடுத்து, ஓடிவந்து வளையத்தருகே எம்பிப் போடும் லே-அப், அதுவும் ட்ரிபிள் இல்லாமல். வலக்கைக்கு வலது, இடது, மேலே. இடக்கைக்கு இடது, வலது, மேலே. இதைக் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வைப்பேன். மீசை முளைத்த பையன்களுக்கு வெட்கமாக இருக்கும். வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "மாஸ்டர், நொட்டாங்கை எதுக்கு மாஸ்டர், அதான் வலது கையி நல்லா வருதுல்ல?" என்று கேட்காத பையன் இல்லை. அவனிடம் வாதாட மாட்டேன். இரண்டாமாண்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, இவனுடைய வலப்பக்கம் அரை உடம்பு தள்ளி நிற்கச் சொல்வேன். ஐந்து நிமிடத்தில் அவனே புரிந்துகொள்வான். சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும்கூட இடக்கையைப் பழக்கு என்று சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. சாப்பாட்டு விஷயத்தில் மதுரை வீட்டு அம்மாக்கள் விட மாட்டார்கள். வாளி தூக்குவதையும் கதவு திறப்பதையும் இடக்கையில் செய்யச் சொன்னேன்.

அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் வுடன் ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் பயிற்சியில் சாக்ஸ் போடவும் ஷூ நாடாவைக் கட்டவும்தான் சொல்லிக்கொடுப்பாராம். கரீம் அப்துல்-ஜப்பாரும் பில் வால்டனும் அவரிடம் அப்படிச் சாக்ஸ் போட்டவர்கள். 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் பத்து முறை தேசியப் பட்டம் வென்றவர் அவர். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுரை வெயிலில் சிமென்ட் தளம் பத்து மணிக்கே அடுப்புக்கல். சாக்ஸில் ஒரு மடிப்பு இருந்தால் குதிகாலில் கொப்புளம், கொப்புளம் வந்தால் சட்டென்று நிற்கப் பயந்து பையன் காலை இழுப்பான், இழுத்தால் ட்ராவலிங். காரணகாரியம் பாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. பந்தும் அப்படித்தான். சொரசொரப்பான தளத்தில் ஒரு பருவம் ஆடினால் ரப்பர் பந்தின் மேலிருக்கும் பொடிப்புள்ளிகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். அந்தப் பந்தில் எவ்வளவு நல்ல விரலும் தப்புப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். தேய்ந்த பந்தைத் தூக்கிப் போடச் சொல்லி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவதும் பயிற்சியாளன் வேலைதான்.

செல்போன் வந்தபின் வேறொரு சிக்கல். பையன்கள் என்பிஏவின் ஸ்டீஃபன் கரி போடுவதைப் பார்த்து நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஷாட் போடுகிறார்கள். ட்ராவலிங் ஊதினால், "சார், அது ஜீரோ ஸ்டெப்" என்கிறார்கள். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல் அந்த விதியை மாற்றியது உண்மை. ஓடிக்கொண்டே பந்தைக் கையில் சேர்க்கும்போது தரையில் இருக்கும் காலை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தப் பந்து எந்தக் கணத்தில் கையில் சேர்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். பழைய இரண்டு எட்டே ஒழுங்காகத் தெரியாதவனுக்குப் புதிய விதி இன்னொரு எட்டு தவறு செய்ய வழிதான். கரியின் ஷாட்டை மட்டும் வெட்டிப் போடும் காட்சிகளில், அந்த ஷாட்டுக்கு முன் அவர் கால்கள் என்ன செய்தன என்பது இருக்காது.

மே மாதத்தில் முடிந்தபோதெல்லாம் பையன்களைப் பெரியகுளம் கூட்டிப்போவேன். தேனிப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகளாக அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. கப்பற்படை, விமானப்படை, இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் போன்ற அணிகளை மின்னொளியில் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். நல்ல பாஸுக்குக் கைதட்டும் கூட்டத்தை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே போய்விடுவோம். அந்தப் பெரிய ஆட்டக்காரர்கள் வார்ம்-அப்பில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பாடம். இந்தியச் சட்டை போட்டு ஆடியவர் இடது, வலது, மேலே என்று இடக்கை லே-அப் போடுவார். மெதுவாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. என் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை.

பெண்கள் அணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கண்ணுக்கு நம் கல்லூரிப் பெண்களின் ஆட்டம் பல சமயம் ஆண்களுடையதைவிடச் சுத்தமாகவே இருந்திருக்கிறது. எம்பி வளையத்தைத் தொட்டுவிடலாம் என்ற ஆசை அவர்களை ஏமாற்றுவதில்லை. அதனால் கோணம் பார்க்கிறார்கள், பலகையைப் பயன்படுத்துகிறார்கள், ஆளைத் தேடிப் பாஸ் கொடுக்கிறார்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை சென்னையில் பள்ளிப் பருவத்திலேயே பந்தைக் கையில் எடுத்தவர். அந்த வயது முக்கியம். பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் கற்ற கால் மறக்காது. பதினெட்டில் கற்பவனுக்கும் வரும், ஆனால் இரண்டு மடங்கு உழைப்பு, அழுத்தம் வரும்போது பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும்.

அந்த உழைப்புக்குக் கல்லூரியில் கிடைப்பது மூன்றே வருடம். முதல் வருடத்திலேயே கோப்பை வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கிய பையனுக்குச் சான்றிதழ் வேண்டும், கல்லூரிக்குச் செய்தித்தாளில் படம் வேண்டும். இந்த அவசரத்தில் பல இடங்களில் நடப்பது என்னவென்றால், உயரமானவனை வளையத்தின் அடியில் நிறுத்திப் பந்தை அவனிடம் தூக்கிப் போட்டுவிடுவது. உள்ளூரில் ஜெயித்துவிடலாம். தென்மண்டலப் போட்டிக்குப் போனால், அங்கே எல்லா அணியிலும் ஆறரை அடி இருக்கிறது. அப்போது அந்தப் பையனிடம் வேறெதுவும் இருக்காது. அதைவிட எனக்கு வலிப்பது வேலைக்கான தேர்வு. ரயில்வே, வங்கி, காவல்துறை, ராணுவம் என்று விளையாட்டால் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தக்கூடிய வேலைகள். அங்கே மூன்றுக்கு மூன்று ஆடச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்ப்பார்கள். பந்தில்லாதபோது எங்கே போகிறான், எதிராளி கடந்து போனால் எவன் உதவிக்கு வருகிறான், இடக்கை இருக்கிறதா என்பதைப் பார்ப்பார்கள். அவ்வளவு வலுவுள்ள பையன் அங்கே போய்த் திரும்பி வரும்போது, இவனுக்குப் பன்னிரண்டு வயதில் யாராவது ஒருவர் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்திருந்தால் போதுமே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

நம்மால் முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. 2014 ஜூலையில் வூஹானில், சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே இந்திய ஆண்கள் அணி 65-58 என்று தோற்கடித்தது. சீனாவை 58 புள்ளிக்குள் அடக்குவதற்கு எம்புதல் போதாது. நாற்பது நிமிடமும் ஒவ்வொருவனும் தன் ஆளுக்கும் வளையத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் திரும்பி முதுகு கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு காரியம் செய்யலாம், பெரிய செலவில்லை. பெரியவர்களுக்கான வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்களுக்கான பந்து ஏழாம் எண். பத்து வயதுக் குழந்தை அந்தப் பந்தை அவ்வளவு உயரத்துக்கு எறிய வேண்டுமானால் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் அள்ளித்தான் எறிய வேண்டும். தப்பான ஷாட் அங்கேயே பிறந்துவிடுகிறது. குழந்தைகளுக்கான மினி கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 2.60 மீட்டர், பந்து ஐந்தாம் எண். இதை நான் போகிற பள்ளிகளிலெல்லாம் சொல்கிறேன். புதிதாகக் கம்பம் நடும்போது பலகையை மாட்டுவதற்கு இரண்டு உயரத்தில் துளை போட்டுவிடுங்கள், காலையில் கீழே, மாலையில் மேலே. மேலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் கூலி வாங்காமல் அப்படிச் செய்து கொடுத்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் ஒரு கையால் ஷாட் போடுகிறார்கள், முழங்கை உள்ளே, மணிக்கட்டு மடங்கி. அங்கே இருக்கும் பி.டி. டீச்சருக்கு இப்போது இன்னும் நான்கு ஐந்தாம் எண் பந்து வேண்டும்.